தேடுவதும் அரசின் கடமையே

2021 டிசம்பர் 8-ஆம் தேதி நீலகிரி மாவட்டம் குன்னூர் அருகே நேரிட்ட ஹெலிகாப்டர் விபத்தில், முப்படைகளின் தலைமைத் தளபதி ஜெனரல் விபின் ராவத்துடன் உயிரிழந்தவர்களில் லான்ஸ் நாயக் சாய் தேஜாவும் ஒருவர். அன்றைய சித்தூர் மாவட்டம் குரபலகோட்டா மண்டலத்தைச் சேர்ந்தவர். உடலை அடையாளம் காண இயலாத நிலையில், மரபணுப் பரிசோதனைக்குப் பிறகே அது அவருடையதுதான் என்று உறுதி செய்யப்பட்டது. டிசம்பர் 12-ஆம் தேதி சொந்த ஊரில் முழு ராணுவ மரியாதையுடன் அவருக்கு இறுதிச் சடங்கு நடைபெற்றது.

விபத்து நடந்த இடம் தெரியும். மீட்புப் பணியும் உடனே தொடங்கியது. அப்படியிருந்தும் அந்த நான்கு நாள் காத்திருப்பு ஒரு குடும்பத்துக்கு எத்தகைய வேதனையைத் தந்திருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அப்படியானால், ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்திருக்கும் குடும்பங்களின் நிலை என்ன?

1968 பிப்ரவரி 7-ஆம் தேதி சண்டீகரிலிருந்து லே நோக்கிப் புறப்பட்ட விமானப்படையின் ஏ.என்.-12 ரக விமானம், மோசமான வானிலையால் திரும்பும் வழியில் ரோத்தாங் கணவாய்ப் பகுதியில் மறைந்தது. அதில் இருந்தவர்கள் 102 பேர். 35 ஆண்டுகளுக்குப் பிறகு, 2003-இல், மலையேற்றப் பயிற்சி நிறுவனத்தின் குழு ஒன்று ஹிமாசலப் பிரதேசத்தின் பனிப்பாறையில் அதன் சிதைவுகளைக் கண்டது. அதன் பிறகு ராணுவம் பலமுறை தேடியும் 2019 வரை ஐந்து உடல்கள் மட்டுமே கிடைத்தன. 2024 செப்டம்பர் இறுதியில் மேலும் நான்கு உடல்கள் மீட்கப்பட்டன. அவர்களில் ஒருவர் கேரள மாநிலம் பத்தனம்திட்டா மாவட்டத்தைச் சேர்ந்தவர். 56 ஆண்டுகளுக்குப் பிறகு அவர் ஊர் திரும்பினார். மற்ற 90-க்கும் மேற்பட்டோர் இன்னும் பனியில்தான் உறங்குகிறார்கள்.

இதே இமயத்தின் கிழக்குக் கோடியில் வேறொரு தேடலும் நடந்து வருகிறது. இரண்டாம் உலகப் போரில் பர்மா வழியாகச் சீனாவுக்குச் சென்ற சாலையை ஜப்பான் துண்டித்தபோது, 1942 முதல் 1945 வரை அசாமின் சபுவா, டின்ஜான் போன்ற விமானத் தளங்களிலிருந்து மலைகளைக் கடந்து குன்மிங்குக்குத் தளவாடங்களைக் கொண்டு சென்றன அமெரிக்க விமானங்கள். விமானிகள் 'ஹம்ப்' என்று அழைத்த அந்தப் பாதையில் ஏறத்தாழ 600 விமானங்கள் அழிந்தன. 1,600-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர் அல்லது காணாமல் போயினர். அவற்றில் பல, இன்றைய அருணாசலப் பிரதேசத்தின் காடுகளிலும் பனிச்சரிவுகளிலும் கிடக்கின்றன.

அந்த இடங்கள் அங்குள்ள மலைவாழ் மக்களுக்குப் புதியவை அல்ல. விமானத்தின் அலுமினியத் தகடுகளைக் கொண்டு பாத்திரங்கள் செய்துகொண்டவர்கள் அவர்கள். அவர்களுடைய வழிகாட்டுதலுடன்தான் அமெரிக்க மலையேற்ற ஆர்வலர் ஒருவர், 1944 ஜனவரியில் எட்டுப் பேருடன் மறைந்த பி-24 ரகக் குண்டுவீச்சு விமானத்தை 2006-இல் அருணாசலப் பிரதேசத்தில் கண்டுபிடித்தார். 2019 மார்ச் மாதம் கீழ் திபாங் பள்ளத்தாக்கில் பனிக்கும் புதர்களுக்கும் அடியில் கிடந்த மற்றொரு அமெரிக்க விமானத்தை நமது ராணுவத்தின் 12 பேர் கொண்ட ரோந்துக் குழு சென்றடைந்தது. அதற்கு அவர்கள் எட்டு நாள்கள் நடக்க வேண்டியிருந்தது.

இடம் தெரிந்த பிறகும் பணி எளிதாக நடந்துவிடவில்லை. அமெரிக்கக் குழுக்களுக்கு 2008-இல் இந்தியா அனுமதி அளித்தது. சிறிது காலத்தில் பணி நின்றது. அருணாசலப் பிரதேசத்தை உரிமை கோரும் சீனாவின் அதிருப்திக்கு ஆளாக நேரிடும் என்ற தயக்கமே காரணம் என்று அப்போது செய்திகள் வெளியாயின. 2015-இல்தான் தேடல் மீண்டும் தொடங்கியது. 2016 ஏப்ரலில் தில்லியிலிருந்து எச்சங்கள் அமெரிக்காவுக்கு அனுப்பி வைக்கப்பட்டன. பி-24 விமானத்தில் இருந்த அதிகாரி ஒருவர் அடையாளம் காணப்பட்டு, 73 ஆண்டுகளுக்குப் பிறகு 2017-இல் ஜார்ஜியா மாநிலத்தில் தனது சொந்த ஊரில் நல்லடக்கம் செய்யப்பட்டார்.

அருணாசலப் பிரதேசம் இந்தியாவின் பிரிக்க முடியாத அங்கம் என்பதில் இரு கருத்துக்கு இடமில்லை. அப்படியிருக்க, சொந்த மண்ணில் மனிதாபிமானப் பணி ஒன்றை அனுமதிப்பதற்கு அண்டை நாட்டின் முகக்குறிப்பைப் பார்க்க வேண்டிய அவசியம் என்ன? அத்தகைய தேடலுக்கு அனுமதி அளிப்பதே இறையாண்மையின் வெளிப்பாடுதானே.

அமெரிக்காவின் நடைமுறையில் நாம் கவனிக்க வேண்டியது பணபலத்தை அல்ல, ஏற்பாட்டை. காணாமல் போன படை வீரர்களைத் தேடுவதற்கென்றே அந்நாட்டின் பாதுகாப்புத் துறையில் ஒரு நிரந்தர அமைப்பு இருக்கிறது. தனித்தனியாக இயங்கிய பிரிவுகளை ஒருங்கிணைத்து 2015-இல் அது உருவாக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர் முதல் இன்று வரை காணாமல் போன சுமார் 81,000 பேரின் கோப்புகள் அதனிடம் உள்ளன. காந்திநகரில் உள்ள நமது தேசியத் தடய அறிவியல் பல்கலைக்கழகமும் அந்தப் பணியில் ஒத்துழைக்கிறது. அடுத்த நாட்டின் வீரர்களை அடையாளம் காண உதவும் திறமை நம்மிடம் இருக்கிறது. அதை நம் வீரர்களுக்காக முறையாகப் பயன்படுத்தும் அமைப்புதான் இல்லை.

திறமைக்குக் குறைவில்லை என்பதற்கு 2009-ஆம் ஆண்டே சான்று. செப்டம்பர் 2-ஆம் தேதி சித்தூர் மாவட்டத்தில் மக்களைச் சந்திக்க ஹைதராபாதிலிருந்து ஹெலிகாப்டரில் புறப்பட்ட ஆந்திர முதல்வர் ஒய்.எஸ். ராஜசேகர ரெட்டியும் உடன் சென்ற நால்வரும் நல்லமலைக் காட்டில் காணாமல் போயினர். விமானப்படையின் போர் விமானங்களும், மத்திய ரிசர்வ் போலீஸ் படையினரும் தேடலில் இறங்கினர். அதே ஆண்டு ஏப்ரலில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட, மேகங்களையும் ஊடுருவிப் படமெடுக்கும் ரிசாட்-2 செயற்கைக்கோளும் பயன்படுத்தப்பட்டது. மறுநாளே சிதைவுகள் கண்டறியப்பட்டன. ஒரு மாநில முதல்வருக்காக அரசு இயந்திரம் முழுவதும் முடுக்கிவிடப்பட்டதில் தவறில்லை. அந்த முனைப்பு ஒரு சிப்பாய்க்கும் உரியதுதான் என்பதே வாதம்.

2016 ஜூலை 22-ஆம் தேதி தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்கு 29 பேருடன் சென்ற ஏ.என்.-32 ரக விமானம் வங்கக் கடலில் மறைந்தது. கப்பல்களும் விமானங்களும் வாரக்கணக்கில் தேடின, பலனில்லை. சென்னையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆளில்லா நீர்மூழ்கிக் கலம் 3,400 மீட்டர் ஆழத்தில் எடுத்த படங்களின் மூலம், சென்னைக் கடற்கரையிலிருந்து சுமார் 310 கி.மீ. தொலைவில் அந்த விமானத்தின் சிதைவுகள் கிடப்பது தெரியவந்துள்ளதாகப் பாதுகாப்பு அமைச்சகம் அறிவித்தபோது 2024 ஜனவரி பிறந்துவிட்டது. ஏழரை ஆண்டுகளாயினும் விடை கிடைத்தது. கைவிடாமல் தேடினால் ஆழ்கடலும் விடை தரும் என்பதை அது உணர்த்தியது.

பனிப்பாறைகளில் தேடுவது ஆபத்தானது. இறந்தவர்களுக்காக உயிரோடு இருப்பவர்களைப் பணயம் வைக்கலாமா என்ற கேள்வி நியாயமானதே. எல்லாத் தேடலும் வெற்றி பெறும் என்றும் சொல்வதற்கில்லை. யாங்கூன் விமான நிலையப் பகுதியில் பிரிட்டிஷ் ஸ்பிட்ஃபயர் போர் விமானங்கள் புதைக்கப்பட்டிருப்பதாக நம்பி 2013-இல் அகழ்ந்தவர்களுக்கு ஒரு விமானமும் கிடைக்கவில்லை. செவிவழிச் செய்தியை நம்பிப் புதையல் தேடுவது வேறு. ஆவணங்களையும் உள்ளூர் மக்களின் அறிவையும் துணைகொண்டு, பருவம் பார்த்து, பயிற்சி பெற்ற குழுவைக் கொண்டு மனிதர்களைத் தேடுவது வேறு. ஆபத்தைக் குறைப்பதற்காகவே நிரந்தர அமைப்பு தேவைப்படுகிறது. அவ்வப்போது கிளம்பும் மலையேற்றக் குழுக்களின் அதிர்ஷ்டத்தை நம்பி இதை விட்டுவிட முடியாது.

பாதுகாப்பு அமைச்சகம் செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல. முப்படைகளுக்கும் பொதுவாகச் சிறிய பிரிவு ஒன்றை நிரந்தரமாக அமைக்க வேண்டும். விடுதலைக்குப் பிறகு பணியின்போது விமானத்துடன் காணாமல் போனவர்கள், மீட்கப்படாதவர்கள் ஆகியோரின் பட்டியலையும் தேடலின் நிலையையும் ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் வைக்க வேண்டும். பெற்றோரும் உடன்பிறந்தோரும் உயிருடன் இருக்கும்போதே அவர்களின் மரபணு மாதிரிகளைச் சேகரித்துப் பாதுகாக்க வேண்டும். வெளிநாட்டுக் குழுக்களுக்கு அனுமதி அளிப்பதற்குக் காலவரம்புடன் கூடிய விதிமுறை வேண்டும். பாதுகாப்புத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு இதைத் தானாகவே எடுத்துக்கொண்டு ஆராயலாம்.

அருணாசலப் பிரதேசத்தின் பாசிகாட்டில் 2023 நவம்பரில் 'ஹம்ப்' அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. சிதைவுகளைக் காட்சிக்கு வைப்பது வரவேற்கத்தக்கதே. ஆனால் 1968-இல் கணவரைப் பறிகொடுத்த பெண்களும், தந்தையின் முகமறியாமல் வளர்ந்த பிள்ளைகளும் முதுமையை எட்டிவிட்டனர். பனிப்பாறை காத்திருக்கும், அவர்களால் காத்திருக்க முடியாது. ராணுவத்தில் சேருமாறு இளைஞர்களை அழைக்கும் அரசு, அவர்கள் எங்கு வீழ்ந்தாலும் தேடி வருவோம் என்ற உறுதியையும் தந்தாக வேண்டும்.