காற்று எந்தப் பக்கம்?

பத்திரிகைக்காரர்களுக்கு மத்திய அரசு 1996-லேயே ஒரு நாற்காலி போட்டு வைத்திருக்கிறது என்று சொன்னால் நண்பர்கள் சிரிக்கிறார்கள். ரசாயன விபத்துகளைச் சமாளிப்பதற்கான விதிகள் அந்த ஆண்டு வந்தன. அபாயகரமான ஆலைகள் உள்ள தொழிற்பகுதிகளில் உள்ளூர் நெருக்கடிக் குழு ஒன்று இருக்க வேண்டும் என்கின்றன அவை. வருவாய்க் கோட்ட அதிகாரி தலைவர். தொழிற்சாலை ஆய்வாளர், தீயணைப்பு அதிகாரி, போலீஸ் அதிகாரி, டாக்டர்கள், ஊர்த் தலைவர், லாரிக்காரர்கள் தரப்பினர் என்று பட்டியல் நீள்கிறது. நடுவில் உள்ளூர்ப் பத்திரிகையின் ஆசிரியரும் இருக்கிறார். மாதாமாதம் கூட வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை முழு அளவில் ஒத்திகை நடத்த வேண்டும்.

ஊருக்குச் சொல்லாமல் ஊரைக் காப்பாற்ற முடியாது என்று விதி எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிய வைத்தது போபால்.

1984 டிசம்பர் 2 நள்ளிரவை ஒட்டி யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து மெத்தில் ஐசோசயனேட் கசிந்தது. ஆலையில் சைரன் இல்லாமல் இல்லை. ஊருக்குக் கேட்கும் சைரன் 1 மணிவாக்கில் கொஞ்ச நேரம் ஊதி, அணைக்கப்பட்டுவிட்டது. ஊர் பதறிவிடக் கூடாதாம். மறுபடி அது விடாமல் ஒலித்தபோது 2 மணி தாண்டியிருந்தது. அதற்குள் சனம் கண் எரிய, இருமிக்கொண்டு, காற்று போகும் திசையிலேயே ஓடிக்கொண்டிருந்தது. அந்த வாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு படர்வது. ஈரத்துணியால் முகத்தை மூடிக்கொண்டு காற்றுக்குக் குறுக்காக விலகியிருந்தால் எத்தனையோ பேர் தப்பியிருக்கலாம். இதைச் சொல்ல இரண்டு வரி போதும். அந்த இரண்டு வரியை ஆலையும் சொல்லவில்லை, அரசும் சொல்லவில்லை. ராஜ்குமார் கேஸ்வானி என்ற உள்ளூர்ப் பத்திரிகையாளர் மட்டும் 1982-லிருந்தே எச்சரித்து எழுதிக்கொண்டிருந்தார். கேட்பாரில்லை. விதியில் எங்களுக்கு நாற்காலி கிடைத்தது அவர் புண்ணியத்தில்தானோ என்று எனக்கொரு சந்தேகம் உண்டு.

சட்டத்தில் பஞ்சமில்லை. 1989-இல் வந்த அபாயகரமான ரசாயனங்களுக்கான விதிகளின்படி, ஆலைக்குள் என்ன செய்வது என்ற திட்டம் ஆலைக்காரரின் பொறுப்பு. மதிலுக்கு வெளியே என்ன செய்வது என்பது மாவட்ட நிர்வாகத்தின் பொறுப்பு. அக்கம்பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு, என்ன ஆபத்து வரலாம், வந்தால் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்பதை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்று 15-ஆம் விதி நேராகவே சொல்கிறது. அப்படியிருந்தும் 2020 மே 7 விடியற்காலையில் விசாகப்பட்டினம் எல்ஜி பாலிமர்ஸில் ஸ்டைரீன் கசிந்தபோது சைரன் ஒலிக்கவில்லை. ஆந்திர அரசின் விசாரணைக் குழுவே அதைக் குற்றமாகப் பதிவு செய்தது.

நம் எண்ணூருக்கு வருவோம். 2023 டிசம்பர் 26 இரவு, கப்பலிலிருந்து கோரமண்டல் உர ஆலைக்கு அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு. மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்ப் படலம் புகுந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. பெரியகுப்பம், சின்னக்குப்பம் ஆட்கள் தூக்கத்திலிருந்து எழுந்து, பிள்ளைகளை அள்ளிக்கொண்டு, கிடைத்த பைக்கிலும் ஆட்டோவிலும் ஏறிப் போனார்கள். பலர் மூச்சுத்திணறலோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். முன்கூட்டி யாரும் எச்சரிக்கவில்லை என்பதுதான் மக்களின் கோபம். எந்தப் பக்கம் போவது என்று அந்த நேரத்தில் யாரைக் கேட்பது?

இதில் எனக்குப் பொறுக்காத விஷயம் ஒன்று. வாடை, கச்சான், கொண்டல் என்று காற்றுக்குத் திசைவாரியாகப் பெயர் வைத்திருப்பவர்கள் மீனவர்கள். வாசலுக்கு வந்து நின்றால் போதும், காற்று எங்கிருந்து எங்கே போகிறது என்று இருட்டிலும் சொல்லிவிடுவார்கள். அமோனியா தண்ணீரில் கரையும், ஈரத்துணி உதவும், காற்றுக்குக் குறுக்கே விலகு, விலக வழியில்லை என்றால் கதவு ஜன்னலைச் சாத்தி இடுக்கில் ஈரத்துணி செருகு. இதை மட்டும் அவர்கள் காதில் போட்டிருந்தால், மீதியை அவர்களே பார்த்துக்கொண்டிருப்பார்கள். இந்த நாட்டில் பாதித் திட்டம் இப்படித்தான் தெரிய வேண்டியவருக்குத் தெரியாமல் பீரோவில் தூங்குகிறது.

கேட்டால் வரும் பதில் ஒரே சொல்: பீதி. சொன்னால் மக்கள் பீதியடைவார்களாம். 2025 ஜனவரி 3 அதிகாலையில் கோவை அவிநாசி ரோடு மேம்பாலத்தில் சமையல் எரிவாயு டேங்கர் கவிழ்ந்து வாயு கசிந்தது. ஜெய்ப்பூர் நெடுஞ்சாலையில் அதே மாதிரி டேங்கர் தீப்பிடித்துப் பலர் மாண்டு இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. பயப்படக் காரணம் இல்லாமல் இல்லை. ஆனால் சுற்று வட்டாரத்தில் 500 மீட்டருக்குள் இருந்த பள்ளிகளுக்கு விடுமுறை, போக்குவரத்து மாற்றம், நெருப்பு மூட்டாதீர்கள் என்ற அறிவிப்பு எல்லாம் காலையிலேயே வந்துவிட்டன. தீயணைப்பு வீரர்கள் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே இருந்தார்கள். கோவை பீதியடையவில்லை, மாற்று வழியில் வேலைக்குப் போனது. சொன்னதால் வந்த கெடுதல் அவ்வளவுதான்.

ஆகவே என் யோசனை சிறியது. 15-ஆம் விதி கேட்கும் தகவலை ஒரு பக்கத்தில், குப்பத்தில் பேசுகிற தமிழில் எழுதி, ரேஷன் கடைச் சுவரில் ஒட்டலாம். எந்த ஆலையில் என்ன வாயு, அதன் வாடை எப்படி, சைரன் எத்தனை முறை ஊதினால் என்ன அர்த்தம், ராத்திரியில் எந்த நம்பரில் ஆள் எடுப்பார். ஒட்டுவதற்கு முன் நாலு மீனவரிடம் படித்துக் காட்டிவிட்டால் தேவலை, தப்பைத் திருத்துவார்கள். எண்ணூரில் குழாய் கசிந்தது, அமோனியா இறக்குவதற்கு முன் குழாயைக் குளிர்விக்கும் வேலையின்போது. அப்படியானால் அமோனியாக் கப்பல் வரும் தேதியையும் அதே தாளின் அடியில் எழுதிவிடலாமே, அதற்கு எந்தக் கமிட்டியும் தேவையில்லை.