மலையில் பிறந்து கடலில் கலக்கும் தாய்

மூர்த்தி, தலம், தீர்த்தம் என்னும் மூன்றும் ஒருசேரச் சிறந்து விளங்கும் இடத்தையே நம் முன்னோர் திருத்தலம் எனப் போற்றினர். இம்மூன்றனுள் மூர்த்தியை நாம் மனமுருகி வணங்குகிறோம். தலத்தின் பெருமையைத் தலபுராணத்தில் படித்து மகிழ்கிறோம். தீர்த்தத்தையோ தலையில் தெளித்துக்கொண்ட மறுகணமே மறந்துவிடுகிறோம். கோடை விடுமுறையில் பேரப்பிள்ளைகளுடன் எங்கேனும் செல்ல வேண்டும், மலையும் பார்க்க வேண்டும், கடலும் பார்க்க வேண்டும், கோயில்களும் தரிசிக்க வேண்டும் என்று விரும்பும் அன்பர்கள் பலர். அவர்களுக்கு ஒரு தீர்த்தத்தையே வழிகாட்டியாகக் கொண்டு செல்லும் யாத்திரை ஒன்றை இவ்வாரம் எடுத்துரைக்க விழைகிறேன். அத்தீர்த்தம் தாமிரபரணி.

பொதிகை மலையில் தோன்றி, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்கள் வழியாக ஏறத்தாழ 128 கிலோமீட்டர் ஓடி, புன்னைக்காயலில் மன்னார் வளைகுடாவில் கலக்கிறாள் இந்த அன்னை. மலையும் காடும் வயலும் கடலும் இவள் ஒருத்தியின் வழியிலேயே அமைந்துவிட்டன. அகத்திய முனிவரின் சீடரான உரோமச முனிவர் ஒன்பது தாமரை மலர்களை இந்நதியில் மிதக்கவிட்டார். அவை ஒவ்வொன்றும் கரை ஒதுங்கிய இடத்தில் சிவபெருமானை வழிபட்டு, முடிவில் கடலோடு நதி சேரும் சங்குமுகத்தில் நீராடி முக்தி பெற்றார் என்பது நவகைலாய வரலாறு. நாமும் அம்மலர்கள் சென்ற வழியே செல்வோம்.

பாபநாசம்

முதல் மலர் ஒதுங்கிய தலம் பாபநாசம். நவகைலாயங்களுள் சூரியனுக்குரியது. பாபநாசநாதரும் உலகம்மையும் அருளும் இத்தலம், நதி மலையை விட்டுச் சமவெளியில் இறங்கும் இடத்தில் அமைந்திருக்கிறது. கயிலையில் அம்மையப்பர் திருமணத்தின்போது வடபுலம் தாழ்ந்து தென்புலம் உயர, உலகைச் சமன்செய்ய அகத்தியர் தெற்கே அனுப்பப்பட்டார் என்பதும், அவருக்கு இறைவன் தம் திருமணக் கோலத்தை இங்கே காட்டியருளினார் என்பதும் யாவரும் அறிந்ததே. கோயிலுக்கு மேலே அகத்தியர் அருவியும், அதற்கும் மேலே கல்யாண தீர்த்தமும் அந்நிகழ்வை நினைவூட்டுகின்றன. உலகம்மை சந்நிதியின் முன்னுள்ள உரலில் பெண்கள் விரலி மஞ்சளை இட்டு இடித்து, அம்மனின் அபிஷேகத்திற்கு அளித்து வேண்டிக்கொள்வர். படித்துறையில் துள்ளும் மீன்களுக்குப் பொரி இடுவது பேரப்பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த வழிபாடாக இருக்கும்.

காட்டிற்குள் ஒரு சந்நிதி

பாபநாசத்திற்கு மேலே வனத்துறையின் சோதனைச் சாவடியைக் கடந்தால் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். 1988-ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட இது, தமிழகத்தின் முதல் புலிகள் காப்பகம். புலி, சிறுத்தை, யானை, கரடி, மிளா, செந்நாய் ஆகியவற்றுடன், மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இயல்பாக வாழாத சிங்கவால் குரங்கும், கருமந்தியும், வரையாடும் இம்மலைகளில் வாழ்கின்றன. காணிப் பழங்குடியினர் தலைமுறை தலைமுறையாக இக்காட்டில் குடியிருக்கின்றனர். அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகத்தை 2016-ஆம் ஆண்டு யுனெஸ்கோ தன் உலகப் பட்டியலில் சேர்த்தது. 1868 மீட்டர் உயரமுள்ள அதன் சிகரத்திற்கு ஏறுவது நம் வயதினர்க்கு உகந்ததன்று. கீழிருந்தே கைகூப்பி வணங்கலாம்.

இக்காட்டின் நடுவே, ஆற்றங்கரையில் சொரிமுத்து ஐயனார் கோயில் கொண்டிருக்கிறார். சாஸ்தா தலங்களுள் மூலாதாரத் தலமாகப் பக்தர்களால் போற்றப்படுவது இது. தென்மாவட்டங்களில் எண்ணற்ற குடும்பங்களுக்கு இவரே குலதெய்வம். இங்குள்ள பட்டவராயனுக்குத் தோல் செருப்பைக் காணிக்கையாகச் செலுத்தும் வழக்கம் உண்டு. அவர் அதை அணிந்து இரவில் காடு முழுதும் வலம்வருகிறார் என்றும், அதனால் மறு ஆண்டு பார்க்கும்போது செருப்பு தேய்ந்திருக்கும் என்றும் மக்கள் நம்புகின்றனர். எத்துணை ஆழ்ந்த நம்பிக்கை! காட்டிற்கு ஒரு காவலர் இருக்கிறார், அவர் நாள்தோறும் சுற்றிவருகிறார், அவர் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்னும் உணர்வே அக்காணிக்கையின் உட்பொருள். அக்காவலர் நடக்கும் வழியில் நாம் எதைப் போட்டுவிட்டு வருகிறோம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். ஆடி அமாவாசைக்கு இங்கே திரளும் கூட்டம் பெரிது. கூடாரமிட்டுத் தங்கிப் பொங்கலிட்டு வழிபடும் அன்பர்கள் விட்டுச்செல்லும் பைகளும் தட்டுகளும் யானையின் வயிற்றுக்கும் மிளாவின் வயிற்றுக்கும் போகின்றன. ஐயனாரின் வாகனமே யானைதான்.

முதலும் வட்டியும்

பல ஆண்டுகள் வங்கியில் பணியாற்றியவன் என்பதால் எனக்குத் தோன்றும் ஓர் ஒப்புமையைச் சொல்கிறேன். இக்காடு, நம் முன்னோர் நமக்காக வைத்துச் சென்ற வைப்புத்தொகை. மழைக்காலத்தில் பெய்யும் நீரைச் சோலைக்காடுகளும் புல்வெளிகளும் தம் மண்ணில் வாங்கி வைத்துக்கொண்டு, மழை நின்ற பிறகும் சிறிது சிறிதாக ஓடைகளில் விடுகின்றன. தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளும் இம்மலைக்குக் கிடைப்பதால், ஆண்டு முழுதும் நீரோடும் நதியாகத் தாமிரபரணி விளங்குகிறாள். கோடைமேலழகியான் தொடங்கித் திருவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள் வழியாகக் கார், பிசானம் என இரு போக நெல் விளைகிறது. இரு மாவட்ட மக்களின் குடிநீரும் இதுவே. நாம் உண்பதும் குடிப்பதும் இவ்வைப்புத்தொகையின் வட்டி. வட்டியை எடுத்துச் செலவு செய்யலாம். முதலில் கைவைத்தால் பேரப்பிள்ளைகளுக்கு எதுவும் மிஞ்சாது.

படித்துறையில் கண்டது

இனி, சற்றே வருந்தத்தக்க செய்தி ஒன்று. பாபநாசத்தில் நீராடியபின் உடுத்தியிருந்த ஆடையை ஆற்றிலேயே விட்டுவிட்டால் பாவமும் தோஷமும் ஆடையோடு போய்விடும் என்றொரு வழக்கம் பரவியிருக்கிறது. இறந்தவரின் துணிகளையும் கொண்டுவந்து நீரில் விடுகின்றனர். அவை பாறை இடுக்குகளிலும் மரவேர்களிலும் சிக்கி, சேறு படிந்து, மீன்களுக்கும் நீராடுவோர்க்கும் இடராகக் கிடக்கின்றன.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அமாவாசையன்று அப்படித்துறையில் நான் நின்றிருந்தேன். தந்தையின் ஆண்டு நிறைவுக் காரியத்தை முடித்த ஒருவர், அவர் உடுத்திய வேட்டியை இரு கைகளிலும் ஏந்தியபடி நீருக்குள் இறங்கினார். கண்களில் நீர். இடுப்பளவு நீரில் நின்று துணிகளைக் கொக்கியால் இழுத்துக் கரையேற்றிக்கொண்டிருந்த துப்புரவுப் பணியாளரான அம்மையார் ஒருவர் அவரைப் பார்த்து, "ஐயா, அத எங்கையில தாங்க. ஆத்துல விட்டா நாளைக்கு நாந்தான் எடுக்கணும். அதுக்கு இப்பவே வாங்கிக்கிடுதேன்" என்றார். அவர் தயங்கினார். "அப்பா துணிம்மா…" என்றார். "தெரியுதுய்யா. அதான் கேக்கேன். ஆத்துல விட்டா சேத்துல கெடந்து அழுகும். எங்கிட்ட தந்தா தொவச்சி, இல்லாதவங்களுக்குக் குடுத்திருவேன். உங்கப்பா பேரச் சொல்லி ஒருத்தர் உடுத்திக்கிடட்டும்" என்றார் அந்த அம்மையார். அவர் சிறிது நேரம் நின்றார். பிறகு வேட்டியை மடித்து, ஒரு தானத்தைக் கொடுப்பதுபோல் இரு கைகளாலும் அவரிடம் கொடுத்தார்.

அன்று அந்தப் படித்துறையில் சாஸ்திரம் அறிந்தவர் பலர் இருந்தனர். சாஸ்திரத்தின் உட்பொருளை எடுத்துச் சொன்னவர் அந்த அம்மையாரே. வஸ்திர தானம் உயர்ந்த தானங்களுள் ஒன்று என்று நூல்கள் கூறுகின்றன. எச்சிலையும் அசுத்தம் பட்ட பொருளையும் நீரில் இடலாகாது என்று மனு ஸ்மிருதி விதிக்கிறது. தானமாக வேண்டிய துணியை, நீரைக் கெடுக்கும் பொருளாக மாற்றுவது எவ்வாறு பாவத்தைப் போக்கும்? பாபநாசம் என்னும் பெயர் அங்கே நீராடுவோரின் பாவம் நீங்குவதைக் குறிக்கிறது. அந்நதியில் புதிய பாவத்தைச் சேர்ப்பதை அன்று.

சாய்ந்து கேட்ட செவி

பாபநாசத்திலிருந்து இறங்கி வரும் வழியில், கடனாநதி தாமிரபரணியோடு கலக்கும் இடத்தில் திருப்புடைமருதூர் இருக்கிறது. ஸ்ரீசைலமாகிய தலைமருதூர், திருவிடைமருதூர் ஆகியவற்றோடு சேர்த்து எண்ணப்படும் மூன்றாவது மருதூர் இது. நாறும்பூநாதர் இங்கே சற்றே சாய்ந்த திருமேனியராகக் காட்சி தருகிறார். ஆற்றில் வெள்ளம் பெருகி ஓட, மறுகரையில் நின்ற கருவூர்ச் சித்தர் "நாறும்பூநாதா!" என்று அழைத்தாராம். அக்குரலைக் கேட்கவே இறைவன் செவிசாய்த்தார் என்பது வரலாறு. இராஜகோபுரத்தின் உள்நிலைகளில் உள்ள பழைய சுவரோவியங்களும் மரச்சிற்பங்களும் புகழ்பெற்றவை.

இவ்வூரில் அன்பர்கள் அண்ணாந்து பார்க்க வேண்டிய காட்சி இன்னொன்றும் உண்டு. ஆற்றங்கரை மருத மரங்களில் நாரைகளும் கொக்குகளும் கூடுகட்டுகின்றன. பழந்தின்னி வௌவால்கள் தொங்குகின்றன. 2005-ஆம் ஆண்டு இப்பகுதி பறவைகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அடர்ந்த காட்டில் அல்லாமல், மக்கள் வாழும் ஊரில், கோயிலின் அருகிலேயே பறவைகள் அச்சமின்றி வாழ்கின்றன. நாங்குநேரிக்கு அருகிலுள்ள கூந்தன்குளத்திலும் இதுவே நிலை. வீட்டு முற்றத்து மரங்களில் கூடுகட்டும் பறவைகளுக்காகத் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதைத் தவிர்க்கும் ஊர் அது. இறைவன் சாய்ந்து கேட்டது ஒரு சித்தரின் குரலை. இவ்வூர் மக்கள் பேசாத உயிர்களின் குரலையும் கேட்கின்றனர்.

வயல் கடந்து கடல் வரை

அதன்பின் யாத்திரை எளிது. சேரன்மகாதேவி, கோடகநல்லூர், குன்னத்தூர், முறப்பநாடு எனக் கைலாயங்களைத் தரிசித்தபடி வந்தால் திருவைகுண்டம். இங்கே கைலாசநாதரும் உண்டு, வைகுண்டநாதரும் உண்டு. நவகைலாயமும் நவதிருப்பதியும் ஒரே நதியின் நீரைப் பகிர்ந்துகொள்கின்றன. ஆழ்வார்திருநகரியில் நம்மாழ்வார் எழுந்தருளியிருந்த உறங்காப்புளியைத் தரிசிக்கலாம். பின்னர் தென்திருப்பேரை, இராஜபதி, சேர்ந்தபூமங்கலம்.

2023 டிசம்பரில் இப்பகுதியில் பெய்த பெருமழையை அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் திருவைகுண்டத்தில் வெள்ளத்தின் நடுவே நின்றுவிட, தவித்த பயணிகளுக்கு அருகிலுள்ள புதுக்குடி ஊர்மக்கள் தம் வீடுகளே நீரில் இருந்த நிலையிலும் உணவளித்தனர். அன்னை சினந்தபோதும் அவள் பிள்ளைகள் அன்னம் இட மறக்கவில்லை.

நிறைவாகத் திருச்செந்தூர். அறுபடை வீடுகளில் கடற்கரையில் அமைந்தது இது ஒன்றே. திருவைகுண்டத்தில் பிறந்து, ஐந்து வயது வரை பேசாதிருந்த குமரகுருபரர், இச்சந்நிதியில் வாய்திறந்து பாடியருளினார். அவர் பேச்சிழந்திருந்த இடமும் பேச்சு பெற்ற இடமும் நம் யாத்திரையின் வழியிலேயே உள்ளன. அலைவாயில் நீராடி, பின் நாழிக்கிணற்றில் நீராடுவது மரபு. உப்புக் கடலுக்கு அருகிலேயே சுரக்கும் அந்நன்னீரைக் கையில் ஏந்தும்போது, நிலத்தடியில் இறைவன் வைத்திருக்கும் கணக்கு எத்துணை நுட்பமானது என்று வியக்காமல் இருக்க இயலாது.

அன்பர்களுக்குச் சில குறிப்புகள்

திருநெல்வேலியைத் தங்குமிடமாகக் கொள்வது நன்று. மூன்று நாட்கள் போதும். முதல் நாள் பாபநாசமும் காட்டுக் கோயிலும். இரண்டாம் நாள் திருப்புடைமருதூரும் அதற்குக் கீழுள்ள கைலாயங்களும். மூன்றாம் நாள் திருவைகுண்டம் முதல் திருச்செந்தூர் வரை. மார்கழி ஞாயிற்றுக்கிழமைகளில் நவகைலாயங்களுக்கும், புரட்டாசி சனிக்கிழமைகளில் நவதிருப்பதிகளுக்கும் சிறப்புப் பேருந்துகள் இயக்கப்படுவது வழக்கம். ஐப்பசி, கார்த்திகை மழைநாட்களில் ஆற்றில் இறங்க வேண்டா. வனப்பகுதிக்குக் காலையிலேயே சென்று, மாலைக்குள் திரும்பிவிடுங்கள். மழைக்காலத்திலும் விழாக்காலத்திலும் வனத்துறையின் அனுமதி நிலையை முன்கூட்டியே கேட்டறிவது நல்லது. மூட்டுவலி உள்ளவர்கள் அருவியை எட்ட நின்றே வணங்கலாம். படித்துறையில் பாசி வழுக்கும் என்பதால் துணை இல்லாமல் இறங்க வேண்டா. குரங்குகளுக்கு உணவு கொடுத்துப் பழக்காதீர்கள்.

புறப்படும்போது பையில் இரண்டு பொருள்களை மறவாமல் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, குப்பையைத் திருப்பிக் கொண்டுவர ஒரு துணிப்பை. மற்றொன்று, மறைந்த பெரியவர்களின் பெயரால் தானம் செய்யப் புதியதோ, துவைத்து மடித்ததோ ஓர் ஆடை. அதைப் படித்துறையில் குளிரில் நடுங்கி நிற்கும் ஓர் ஏழையின் கையில் கொடுங்கள். அந்தப் புண்ணியம் உங்கள் பித்ருக்களைச் சென்று சேரும். நதியும் தூயவளாகக் கடல் சேர்வாள்.

தாமிரபரணி அன்னையின் அருளும், செந்திலாண்டவன் திருவருளும் அனைவர்க்கும் பெருகுக.