ஹூக்ளியைக் கடக்கும் பேருந்துக்கு யார் பொறுப்பு?

புது தில்லி: ஹௌரா ரயில் நிலைய வாசலில் பேருந்து ஏறும் பயணி, 705 மீட்டர் நீளமுள்ள பாலத்தைக் கடந்தால் கொல்கத்தாவில் இறங்கலாம். இந்தச் சிறிய பயணத்தில் அவர் எத்தனை அரசு அமைப்புகளின் எல்லைகளைத் தாண்டுகிறார் என்பது அவருக்கே தெரியாது.

பாலம் மத்திய அரசின் துறைமுக நிர்வாகத்துக்குச் சொந்தம். பேருந்து பெரும்பாலும் தனியாருக்குச் சொந்தம். கட்டணத்தை நிர்ணயிப்பது மாநில அரசு. ஒரு கரையில் ஹௌரா காவல் ஆணையரகம். மறு கரையில் கொல்கத்தா காவல் துறை. ஆற்றுக்கு அடியில் ஓடும் மெட்ரோ ரயிலோ ரயில்வே அமைச்சகத்தின் கீழ் வருகிறது.

இத்தனை பேர் இருந்தும், பேருந்துப் பயணியின் நலனுக்கு நேரடிப் பொறுப்பேற்க ஓர் அமைப்பு இல்லை என்பதே கொல்கத்தா - ஹௌரா இரட்டை நகரங்களின் இன்றைய சிக்கல்.

ஒரு நதி, பல உரிமையாளர்கள்

கடலின் ஏற்ற இறக்கத்தை அன்றாடம் உணரும் நதி ஹூக்ளி. நடுவே தூண் நிறுத்தினால் நீரோட்டம் தடைபட்டு வண்டல் சேரும். கப்பல் போக்குவரத்தும் பாதிக்கப்படும். எனவே 1943 பிப்ரவரியில் திறக்கப்பட்ட ஹௌரா பாலம், ஆற்றில் ஒரு தூணும் இன்றி, 457 மீட்டர் இடைவெளியை ஒரே வீச்சில் தாண்டுமாறு கட்டப்பட்டது. 26,500 டன் எஃகில் உருவான இப்பாலத்துக்கு 1965-இல் ரவீந்திர சேது எனப் பெயர் சூட்டப்பட்டது.

இரண்டாவது பாலமான வித்யாசாகர் சேதுவுக்கு 1972-இல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். பணிகள் தொடங்கியதோ 1979-இல். பிரதமர் நரசிம்ம ராவ் திறந்து வைத்தது 1992 அக்டோபரில். எஃகு வடங்கள் தாங்கி நிற்கும் 823 மீட்டர் நீளமுள்ள இப்பாலம், மாநில அரசின் ஹூக்ளி நதிப் பால ஆணையத்தின் வசம் உள்ளது.

வடக்கே பாலியில், 1931-இல் திறக்கப்பட்ட விவேகானந்தா சேது ரயிலுக்கும் சாலைக்கும் பொதுவானது. அதன் அருகே 2007-இல் திறக்கப்பட்ட நிவேதிதா சேது, தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் திட்டமாக, தனியார் முதலீட்டில் அமைந்த சுங்கப் பாலம்.

அரசமைப்புச் சட்டம் இந்தப் பிரிவினைக்கு இடம் தந்துள்ளது. ரயில்வே, தேசிய நெடுஞ்சாலை, பெருந்துறைமுகம் ஆகியவை மத்தியப் பட்டியலில் உள்ளன. மத்தியப் பட்டியலில் சேராத சாலைகள், பாலங்கள், படகுத் துறைகள் மாநிலப் பட்டியலின் 13-ஆவது இனத்தில் வருகின்றன.

இதன் விளைவை நாடாளுமன்றத்திலும் காணலாம். ஹௌரா பாலம் பற்றிய கேள்விக்குத் துறைமுகத் துறை அமைச்சர் பதில் தருவார். மெட்ரோ பற்றிய கேள்விக்கு ரயில்வே அமைச்சர் பதில் தருவார். ஆனால், அந்தப் பாலத்தின் மீது ஓடும் பேருந்து ஏன் குறைந்தது என்று கேட்டால், "அது மாநில அரசின் பொறுப்பு" என்பதோடு விவகாரம் முடிந்துவிடும்.

ஐந்து ரூபாயும் ஏழு ரூபாயும்

2024 மார்ச் 6-ஆம் தேதி ஹௌரா மைதானம் - எஸ்பிளனேடு மெட்ரோ பாதையைப் பிரதமர் நரேந்திர மோடி தொடங்கி வைத்தார். 4.8 கி.மீ. நீளமுள்ள இப்பாதைக்கு ரூ.4,965 கோடி செலவானது. இதில் ஆற்றின் அடியில் செல்லும் 520 மீட்டர் சுரங்கத்தை ரயில் சுமார் 45 விநாடிகளில் கடக்கிறது. 2025 ஆகஸ்டில் எஸ்பிளனேடு - சியால்டா பகுதியும் இணைந்தது. சுமார் 40 நிமிடப் பயணம் 11 நிமிடமாகக் குறையும் என மத்திய அரசு அறிவித்தது.

மக்களுக்கு இது பெரும் வசதி என்பதில் ஐயமில்லை. ஆனால் கட்டணக் கணக்கு கவனிக்கத்தக்கது. ஆற்றைக் கடக்கும் மெட்ரோ தொடங்கியபோது அதன் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய். பேருந்துக்கு 2018 ஜூனில் மாநில அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கட்டணமோ 7 ரூபாய். ரயிலின் இழப்பை ரயில்வே தாங்கும். தனியார் பேருந்தின் இழப்பை யார் தாங்குவது?

டீசல் விலை ஏறியும் பல ஆண்டுகள் கட்டண உயர்வுக்கு அரசு இணங்கவில்லை. வாக்காளரின் அதிருப்திக்கு அஞ்சி எடுத்த நிலைப்பாடு அது. உரிமையாளர்கள் புதிய பேருந்து வாங்கத் தயங்கினர். இதற்கிடையே, 15 ஆண்டுகளைக் கடந்த வணிக வாகனங்களை விலக்க 2008-இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் உத்தரவிட, 2009-இல் அது நடைமுறைக்கு வந்தது. அப்போது பெருமளவில் வாங்கப்பட்ட பேருந்துகள் 2024-இல் அதே வயது வரம்பைத் தொட்டன. வயதை அல்ல, வாகனத்தின் தகுதியையே அளவுகோலாகக் கொள்ள வேண்டும் என்று உரிமையாளர்கள் வாதிட்டனர்.

மெட்ரோ செல்லும் தடத்தில் இருப்பவர் ரயிலுக்கு மாறிக்கொள்வார். கூட்டம் மிகுந்த அந்தக் குறுந்தடத்தின் வருவாய் போனால், மெட்ரோ எட்டாத ஹௌராவின் உட்பகுதிகளுக்குச் செல்லும் பேருந்துதான் முதலில் நின்றுபோகும். அங்கு வாழும் தொழிலாளிக்கும் வீட்டுவேலைக்குச் செல்லும் பெண்ணுக்கும் மாற்று வழி குறைவு.

பழுதுபார்க்கும் காலம்

பாலங்களின் பாதுகாப்பைப் பற்றி அலட்சியம் காட்ட முடியாத நகரம் கொல்கத்தா. 2016 மார்ச்சில் விவேகானந்தா சாலை மேம்பாலம் கட்டும்போதே இடிந்து இருபதுக்கும் மேற்பட்டோர் பலியாயினர். 2018 செப்டம்பரில் மாஜேர்ஹாட் பாலம் சரிந்தது. எனவே 2024 நவம்பரில் ஹௌரா பாலத்தை ஓர் இரவு சில மணி நேரம் மூடிச் சோதித்ததையும், வித்யாசாகர் சேதுவின் வடங்களை மாற்றுவதற்காக 2025-இல் ஞாயிற்றுக்கிழமைகளில் போக்குவரத்தை நிறுத்தியதையும் யாரும் குறை கூற இயலாது.

எனினும் ஒரு பாலம் மூடப்பட்டால் அதன் சுமை மற்றொன்றின் மீது விழுகிறது. இரண்டுக்கும் உரிமையாளர் வேறு வேறு. அந்த நாளில் கூடுதல் படகு, கூடுதல் மெட்ரோ, மாற்றுத் தடத்தில் பேருந்து ஆகியவற்றை ஒரே மேசையில் அமர்ந்து திட்டமிடும் அதிகாரம் எவருக்கும் முழுமையாக இல்லை.

கேட்க ஆளில்லாத நகரம்

2013-இல் மாநிலத் தலைமைச் செயலகம் ரைட்டர்ஸ் கட்டடத்திலிருந்து ஹௌரா கரையில் உள்ள நபன்னாவுக்கு மாறியது. ஆட்சியே ஆற்றைக் கடந்து வந்ததால் ஹௌராவின் குரல் ஓங்கும் என எதிர்பார்க்கப்பட்டது. நடந்ததோ வேறு. அதே 2013-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஹௌரா மாநகராட்சி மன்றத்தின் பதவிக்காலம் 2018 டிசம்பரில் முடிந்தது. அதன்பின் ஆண்டுக்கணக்கில் தேர்தல் நடைபெறாமல் நியமன நிர்வாகமே தொடர்ந்தது. பேருந்து வரவில்லை என்று முறையிட வார்டு உறுப்பினர்கூட இல்லாத நிலை அது.

பெருநகரத் திட்டக் குழு அமைக்க அரசமைப்பின் 243 இசட்.இ. பிரிவு வகை செய்கிறது. நாட்டிலேயே முதலாவதாக 2001-இல் அக்குழுவை அமைத்த பெருமை கொல்கத்தாவுக்கு உண்டு. ஒருங்கிணைந்த போக்குவரத்து ஆணையம் தேவை என 2006-இன் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கையும், 2017-இன் மெட்ரோ ரயில் கொள்கையும் வலியுறுத்தின. சென்னையில் இதற்கான சட்டம் 2010-இல் இயற்றப்பட்டும் ஆணையம் உயிர்பெறப் பல ஆண்டுகள் ஆயின. பேருந்து, மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் ஒரே செயலியில் சீட்டு பெறும் வசதி 2025 செப்டம்பரில்தான் வந்தது. தாமதமானாலும் திசை சரியானது.

கொல்கத்தாவில் தடை தொழில்நுட்பம் அல்ல, அரசியல். மெட்ரோவின் பெருமை மத்திய அரசுக்கு, பேருந்தின் பழி மாநில அரசுக்கு என்ற கணக்கு நீடிக்கும்வரை, இரு தரப்பும் ஒரே ஆணையத்தில் அமர விரும்பா. ஹௌராவில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம், பாலங்களுக்கும் பேருந்துக்கும் ரயிலுக்கும் பொதுவான ஆணையம், பேருந்துத் தடங்களுக்கு வெளிப்படையான மானியம் ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் இக்கணக்கு மாறும்.

ஆற்றில் தூண் நிறுத்தாமல் பாலம் கட்டும் வித்தையை இந்நகரம் எண்பது ஆண்டுகளுக்கு முன்பே கண்டது. இரு கரை நிர்வாகங்களை இணைக்கும் பாலம்தான் இன்னும் கட்டப்படவில்லை.