சென்னை - யாழ்ப்பாணம்: தூரம் 355 கி.மீ., நேரம் யார் கையில்?

ஒரு வரைபடத்தை விரித்து ஸ்கேலை வைத்துப் பாருங்கள். சென்னை விமான நிலையத்திலிருந்து மதுரை விமான நிலையம் நேர்கோட்டில் சுமார் 415 கிலோமீட்டர். கோவை சுமார் 400. யாழ்ப்பாணத்துப் பலாலி? சுமார் 355தான்! வேறு நாட்டில் இருக்கிற யாழ்ப்பாணம், சென்னைக்கு மதுரையைவிடக் கிட்டத்தில் இருக்கிறது. சின்ன ஏடிஆர் விமானமே ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரத்தில் போய் இறங்கிவிடும்.

இப்போது அதே ஸ்கேலைச் சென்னைக்கும் கொழும்புக்கும் நடுவே வையுங்கள். கோடு யாழ்ப்பாணத்தின் தலைக்கு மேலேயே போகும். பல வருடங்களாக யாழ்ப்பாணத்துக்காரர்கள் செய்த பயணம் இதுதான். சொந்த ஊரைத் தாண்டி, சென்னையிலிருந்து சுமார் 640 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கட்டுநாயக்காவில் இறங்கி, அங்கிருந்து ஏறக்குறைய 400 கிலோமீட்டர் பஸ்ஸிலோ ரயிலிலோ வடக்கே திரும்பி வருவது. ஆகாயத்தில் ஒன்றரை மணி, தரையில் ஏழெட்டு மணி. தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்றால் இதுதான்.

இது புது வழியா என்றால் அதுவும் இல்லை. 1947 டிசம்பரில் ஏர் சிலோன் தன் முதல் விமானத்தை ஓட்டியதே இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குத்தான். பிறகு யுத்தம் வந்து வழியை அடைத்தது. சரி, யுத்தம் 2009 மே மாதம் முடிந்தது. பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறந்தது 2019 அக்டோபர் 17. நடுவில் பத்து வருடம் என்ன நடந்தது? 2020 மார்ச்சில் கொரோனாவால் நின்ற சேவை 2022 டிசம்பர் 12 வரை திரும்பவில்லை. கொழும்பு விமானங்களோ அதற்கு வெகு முன்பே பறக்கத் தொடங்கிவிட்டன. இண்டிகோ வந்தது 2024 செப்டம்பரில்.

ஏன் இந்தத் தாமதம் என்று கேட்டால் ஒரே பதில்: "போதிய பயணிகள் இல்லை."

கடையை நாலு நாள் திறந்து நாலு மாதம் பூட்டி வைத்துவிட்டு, வியாபாரம் இல்லை என்று புலம்பும் முதலாளியை என்ன சொல்வது? பயணி கால அட்டவணையை நம்பித்தான் டிக்கெட் எடுப்பார். ஆறு மாதம் கழித்து வரும் கல்யாணத்துக்கோ, சென்னை ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குக் குறித்த தேதிக்கோ, அன்றைக்கு இருக்குமா என்றே தெரியாத விமானத்தை நம்பி யார் கிளம்புவார்? பேசாமல் கொழும்பு வழியாகவே போவார். அதையே காட்டி "பாருங்கள், தேவை இல்லை" என்பது கணக்கு அல்ல, சாக்கு. சரக்கு ஒழுங்காகக் கிடைத்தால்தான் அதற்கு எவ்வளவு தேவை என்பது தெரியும். பி.காம். முதலாண்டுப் பாடம் இது.

லாபம் வராத வழிக்கு அரசு கைகொடுப்பதும் உலகத்தில் இல்லாத வழக்கமல்ல. இந்தியாவே 2017 முதல் உடான் திட்டத்தில், சின்ன ஊர்களுக்குப் பறக்கும் விமானங்களுக்கு மானியம் கொடுத்து வருகிறது. நடுவில் கடல் இருக்கிறது என்பதற்காக 355 கிலோமீட்டருக்கு மட்டும் வேறு நியாயமா? இரண்டு அரசுகளும் சேர்ந்து, "இந்த விமானம் ஐந்து வருடம் நிற்காது" என்று ஓர் உறுதி கொடுக்கட்டும். அதற்குப் பிறகு பயணிகளின் தலையை எண்ணட்டும்.

அதுவரை, சென்னையிலிருந்து யாழ்ப்பாணம் எவ்வளவு தூரம் என்று யாராவது கேட்டால் கிலோமீட்டரில் சொல்லாதீர்கள். "நீங்கள் போகிற அன்றைக்கு விமானம் இருக்கிறதா?" என்று திருப்பிக் கேளுங்கள்.