கோடை முன்னறிவிப்பும் மதுரை வெயிலும்

(மூன்றாம் ஆண்டு இளங்கலை மாணவன்)

பங்குனி பிறந்துவிட்டால் மதுரையில் எல்லாருமே வானிலை நிபுணர்கள்தாம். "இந்த வருஷம் வெயில் போன வருஷத்தைவிட ஜாஸ்தி" என்று டீக்கடையில் ஒருவர் தொடங்கி வைப்பார். ஜிகர்தண்டாக் கடையில் இன்னொருவர் அதை வழிமொழிவார். போன வருஷமும் இதே பேச்சுத்தான் பேசினோம் என்பது யாருக்கும் நினைவிராது. இதற்கிடையே, ஏப்ரல் பிறக்கும் தறுவாயில் இந்திய வானிலை ஆய்வுத்துறை தன் கோடைக்கால முன்னறிவிப்பை வெளியிடுகிறது. செய்தித்தாளில் ஒருநாள் தலைப்பாக வரும். மறுநாள் அந்தத் தாள் வடை மடிக்கப் போய்விடும். அந்த அறிவிப்பை எப்படிப் படிப்பது, படித்தபின் என்ன செய்வது என்பதைப் பற்றி நண்பர்களோடும் பேராசிரியப் பெருமக்களோடும் சிறிது பேச விரும்புகிறேன்.

முதலில் அதன்மேல் சுமத்தப்படும் பழியைப் பார்ப்போம். 2025-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் ஜூன் வரை நாட்டின் பெரும்பகுதியில் வெப்பம் இயல்பைவிட மிகும் என்று துறை அறிவித்தது. ஆனால் மே மாதத்தில் மழை கொட்டித் தீர்த்தது. 1901-க்குப் பிறகு இந்தியாவில் அவ்வளவு மழை பெய்த மே மாதம் வேறில்லை. ஜூன் 1-ஐ ஒட்டி வரவேண்டிய தென்மேற்குப் பருவமழை மே 24-லேயே கேரளத்துக்கு வந்துவிட்டது. "இவங்க சொன்னா மழை வரும்னு அர்த்தம்" என்று கேலி பேசினார்கள். கேலிக்குச் சுவையுண்டு, நியாயமில்லை. மூன்று மாதத்துக்கான முன்னறிவிப்பு எந்த நாளையும் குறித்துச் சொல்வதன்று. பசிபிக் கடலின் மேற்பரப்பு வெப்பம் போன்ற மெதுவாக மாறும் சங்கதிகளைக் கணக்கிட்டு, வெயில் மிகுவதற்கு நூற்றுக்கு இத்தனை வாய்ப்பு என்று சொல்வதே அது. நாளைக்குக் குடை வேண்டுமா என்று கேட்பவர் சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் அன்றாட அறிக்கையைத்தான் பார்க்கவேண்டும்.

என் குறை வேறு. அன்றாட அறிக்கையில் "வட தமிழக உள் மாவட்டங்கள்", "கடலோர மாவட்டங்கள்" என்றாவது பிரித்துச் சொல்கிறார்கள். தேசிய அளவிலான அறிவிப்பிலோ தமிழ்நாடு, புதுவை, காரைக்கால் எல்லாம் சேர்ந்து ஒரே உட்கோட்டம். நாடு முழுவதற்கும் இப்படி 36. கடற்காற்று வாங்கும் நாகப்பட்டினமும், போர்வை போர்த்தும் ஊட்டியும், வெந்து தணியாத மதுரையும் ஒரே பந்தியில் அமர்ந்திருக்கின்றன! சென்னையில் நண்பகலில் கடற்காற்று வந்துவிட்டால் வெப்பம் அதற்குமேல் ஏறாது. நமக்கோ கடல் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கிறது. அந்தக் காற்று இங்கே வந்து சேர்ந்தாலும் பொழுது சாய்ந்த பிறகுதான். ஜூனில் பருவக்காற்று வீசத் தொடங்கியதும் வடநாட்டுக்குக் கோடை முடிகிறது, நமக்கு முடிவதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலை மழையைத் தான் வாங்கிக்கொண்டு வெறுங்காற்றை நம் பக்கம் அனுப்பி வைக்கிறது. ஆடி, ஆவணியில்கூட, மாநிலத்திலேயே அதிக வெப்பம் மதுரை விமான நிலையத்தில் என்று செய்தி வருவது புதிதன்று. ஆகவே ஜூனோடு முடியும் முன்னறிவிப்பு நம் கோடையின் முற்பாதிக்குத்தான் பொருந்தும்.

"வெப்ப அலை" என்ற சொல்லையும் கவனிக்க வேண்டும். சமவெளியில் 40 டிகிரியை எட்டினால் மட்டும் அது வெப்ப அலை ஆகிவிடாது. இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்க வேண்டும். அல்லது எடுத்த எடுப்பில் 45-ஐத் தொட வேண்டும். இயல்பே 38 என்று வைத்துக்கொள்வோம். 41 டிகிரி வெயிலில் ஒருவர் மயங்கி விழுந்தால் அவர் விழுந்தது வெப்ப அலையில் அன்று! அதிலும் உட்கோட்டத்தில் இரண்டு நிலையங்களில் அடுத்தடுத்து இரண்டு நாள் இந்த நிலை இருந்தால்தான் முறைப்படி அறிவிப்பார்கள். இயல்பு என்பதோ முப்பதாண்டுச் சராசரி. ஊர் சூடாகச் சூடாக அந்தச் சராசரியும் ஏறும். அது ஏறும் அளவுக்கு அபாயம் தாளில் குறைந்து தெரியும். இதைப் படித்தபோது எனக்கு வியப்பைவிடக் கோபமே மிகுந்தது. விடுமுறை விட்டதும் நம்மில் எத்தனை பேர் சித்தாள் வேலைக்குப் போகிறோம்! நானும் போனவன்தான். பிற்பகல் இரண்டு மணிக்குக் கலவைச் சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு சாரம் ஏறுகிறவனுக்கு இயல்பாவது, விலகலாவது!

அரசு சும்மா இருந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அதனால் இறப்போர் குடும்பத்துக்கு 4 லட்ச ரூபாய் நிவாரணமும் அறிவிக்கப்பட்டது. நல்லதே. ஆனால் இறந்தபின் கொடுப்பதைவிட இறக்காமல் காப்பது மலிவல்லவா? 2010 மே மாத வெயிலில் ஆமதாபாத் நகரம் ஏராளமான உயிர்களைப் பறிகொடுத்தது. 2013-ல் அந்த மாநகராட்சி வெப்பச் செயல்திட்டம் ஒன்றைத் தீட்டியது. முன்னறிவிப்பின் நிறம் மாறியதும் மருத்துவமனைக்கும் வார்டுகளுக்கும் யார் சொல்வது, எங்கே தண்ணீர் வைப்பது, வேலை நேரத்தை எப்படி மாற்றுவது என்றெல்லாம் முன்கூட்டியே முடிவு செய்து வைத்தார்கள். நமக்கும் இது அந்நியமன்று. சித்திரைத் திருவிழாவில் அழகருக்கே தோப்பறையால் தண்ணீர் பீய்ச்சிக் குளிரச் செய்யும் ஊர் இது. தெருவுக்குத் தெரு நீர்மோர்ப் பந்தல் போடும் ஊர். திருவிழா முடிந்ததும் பந்தலையும் பிரித்துவிடுகிறோம் என்பதுதான் வருத்தம்.

நம் கல்லூரிக்கு வருவோம். பருவத் தேர்வு நடப்பது ஏப்ரல், மே மாதங்களில். பிற்பகல் தேர்வுக்காக மேலூரிலிருந்தும் உசிலம்பட்டியிலிருந்தும் வருகிறவர்கள் உச்சி வெயிலில் பேருந்துக்கு நின்று, தகரக் கூரை நிழலில் காத்திருந்து, வியர்வை சொட்ட விடைத்தாளை வாங்குகிறார்கள். ஏப்ரல் முன்னறிவிப்பு கையில் இருக்கும்போதே இந்தத் தேர்வுகளைக் காலை எட்டரை மணிக்கு மாற்றினால் என்ன நஷ்டம்? மின்விசிறி வாங்கக் காசில்லை என்று சொல்லலாம். மணியை முன்னால் அடிக்கக் காசு வேண்டியதில்லையே!

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. இந்திய வானிலை ஆய்வுத்துறை தோன்றியது 1875-ல். அடுத்த ஆண்டே தென்னாட்டைத் தாது வருஷப் பஞ்சம் பிடித்தது. பருவமழை ஏன் பொய்க்கிறது, சூரியனில் அதற்குக் காரணம் உண்டா என்று தேடியவர்களின் முயற்சியால் 1899-ல் எழுந்ததே கொடைக்கானல் சூரிய ஆராய்ச்சி நிலையம். அன்று அது மதுரை மாவட்டத்து மலை. அத்தகைய மண்ணில் இருக்கும் நம் கல்லூரியில் ஒரு வெப்பமானிகூட இல்லை. காற்று புகும் சட்டங்கள் வைத்த வெள்ளைப் பெட்டி ஒன்று போதும். தரையிலிருந்து நாலடி உயரத்தில், கதவு வடக்கு நோக்கி, மைதானத்தின் திறந்தவெளியில் அதை நட வேண்டும். உள்ளே அதிகபட்ச, குறைந்தபட்ச வெப்பமானிகளும் ஓர் ஈரக்குமிழ் வெப்பமானியும் இருந்தால், வெப்பத்தோடு புழுக்கத்தையும் அளந்துவிடலாம். காலை 8.30-க்கும் மாலை 5.30-க்கும் குறித்து, தேர்வு மண்டபத்து வாசலில் கரும்பலகையில் எழுதி வைக்கலாம். விடுமுறை நாட்களில் குறிக்க உள்ளூர் மாணவர் நால்வர் வேண்டும். மூவர் இப்போதே பெயர் கொடுத்திருக்கிறார்கள்.