புத்தகத்தை மூடு, பாடத்தைச் சொல்!

பிளஸ்-1 பொதுப் பரீட்சை போய்விட்டது!

2025-ம் ஆண்டு ஆகஸ்டு 8-ந் தேதி தமிழ்நாடு அரசு வெளியிட்ட மாநிலக் கல்விக் கொள்கையில் இந்த முடிவு இருந்தது. 2025-26 கல்வி ஆண்டு முதல் அது அமலுக்கு வந்தது. ஆண்டுதோறும் சுமார் 8 லட்சம் மாணவ-மாணவிகள் எழுதிவந்த பரீட்சை அது.

பிள்ளைகளுக்கு நிம்மதி. பெற்றோருக்கும் நிம்மதி. 10-ம் வகுப்பில் ஒரு பெரிய பரீட்சை, மறு ஆண்டு இன்னொன்று, அதற்கடுத்த ஆண்டு மற்றொன்று என்று மூன்று ஆண்டுகள் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருந்த குடும்பங்கள் எத்தனையோ! அந்தப் பாரம் குறைந்தது நல்லதுதான்.

ஆனால் இந்தப் பரீட்சை ஏன் வந்தது என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

வந்த கதை

முன்பெல்லாம் பல பள்ளிகளில் ஒரு தந்திரம் நடந்தது. பிளஸ்-1 பாடத்தை ஒப்புக்கு நடத்துவார்கள். பிளஸ்-2 பாடத்தையே இரண்டு ஆண்டும் உருப்போட வைப்பார்கள். மார்க்கு மழையாகக் கொட்டும். கல்லூரிக்குப் போன பிறகுதான் குட்டு வெளிப்படும். அடிப்படைப் பாடமே தெரியாமல் பிள்ளைகள் விழிப்பார்கள். இதைத் தடுக்கத்தான் 2017-18 கல்வி ஆண்டில் பிளஸ்-1 வகுப்புக்கும் பொதுப் பரீட்சை கொண்டுவந்தார்கள்.

இப்போது பரீட்சை போய்விட்டது. பாடம் போகவில்லை!

டாக்டர் படிப்புக்கான ‘நீட்’ தேர்வில் இரண்டு ஆண்டுப் பாடங்களில் இருந்தும் கேள்வி வருகிறது. ஐ.ஐ.டி. போன்ற கல்லூரிகளுக்கான நுழைவுத் தேர்வும் அப்படித்தான். நுழைவுத் தேர்வே வேண்டாம் என்பவர்களும் தப்ப முடியாது. பிளஸ்-1 கணக்குப் பதிவியல் தெரியாதவனுக்குப் பிளஸ்-2 கணக்குப் பதிவியல் எப்படி விளங்கும்?

ஆகவே, பிளஸ்-1 வகுப்பில் ஜூலை மாதம் படித்த ஒரு பாடம், ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் மனதில் தங்கியிருக்க வேண்டும். பயமுறுத்திப் படிக்க வைக்க, நடுவில் பெரிய பரீட்சை கிடையாது. இனி அந்தப் பொறுப்பு பள்ளிக்கூடத்தின் மீதும், வீட்டின் மீதும், பிள்ளையின் மீதும் விழுகிறது.

“படிச்சிட்டேம்மா!”

நம் வீடுகளில் பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்கள்?

மாலை 6 மணிக்குப் புத்தகத்தோடு உட்காருகிறான் பையன். ஒரே பாடத்தை நான்கு தடவை வாசிக்கிறான். முக்கியமான வரிகளில் மஞ்சள் மை பூசுகிறான். 9 மணிக்கு “படிச்சிட்டேம்மா!” என்று எழுந்து வருகிறான். தாயாருக்கு மகிழ்ச்சி. பரீட்சை நாளில் என்ன ஆகிறது? “எல்லாம் படித்ததுதான். எழுதும்போது வரவில்லை” என்று கண் கலங்குகிறான்.

அவன் சோம்பேறி அல்ல. மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தானே! மந்த புத்தியும் அல்ல. படித்த விதம்தான் சரியில்லை.

மறதி எவ்வளவு வேகமாக வருகிறது தெரியுமா? ஜெர்மனி நாட்டு மனோதத்துவ அறிஞர் எபிங்காஸ் என்பவர், பொருளே இல்லாத மூன்றெழுத்து அசைகளை வரிசை வரிசையாக மனப்பாடம் செய்து, தன்னைத்தானே சோதித்துப் பார்த்தார். 1885-ம் ஆண்டு அதைப் புத்தகமாக வெளியிட்டார். ஒரு மணி நேரத்துக்குள் பாதிக்கு மேல் மறந்து போயிற்று. ஒரு நாளில் மூன்றில் இரண்டு பங்கு போயிற்று. ஆனால் ஒரு மாதம் கழித்தும் ஐந்தில் ஒரு பங்கு மிஞ்சியது. அதாவது, மறதி முதல் நாளில்தான் பாய்ந்து வருகிறது. பிறகு மெதுவாக நடக்கிறது. பொருள் உள்ள பாடம் இவ்வளவு வேகமாக மறக்காது. ஆனால் போகும் வழி அதேதான்.

அப்படியானால் திரும்பத் திரும்ப வாசித்தால் போதாதா? போதாது!

அமெரிக்காவில், செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் ஒரு சோதனை நடத்தினார்கள். 2006-ம் ஆண்டு அதன் முடிவு வெளியாயிற்று. கல்லூரி மாணவர்களுக்கு ஒரு சிறு பாடம் கொடுத்தார்கள். ஒரு கோஷ்டியினர் நான்கு தவணையும் அதைப் படித்துக்கொண்டே இருந்தனர். இன்னொரு கோஷ்டியினர் முதல் தவணை மட்டும் படித்தனர். மற்ற மூன்று தவணையும், பாடத்தைப் பார்க்காமல், நினைவுக்கு வந்ததை எழுதினர்.

ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தார்கள். படித்துக்கொண்டே இருந்தவர்களுக்கு 83 சதவீதம் நினைவு இருந்தது. பார்க்காமல் எழுதியவர்களுக்கு 71 சதவீதம்தான்.

மற்றவர்களை ஒரு வாரம் கழித்துச் சோதித்தார்கள். நிலைமை தலைகீழாக மாறிவிட்டது! படித்துக்கொண்டே இருந்தவர்களுக்கு 40 சதவீதம். பார்க்காமல் எழுதியவர்களுக்கு 61 சதவீதம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. “எங்களுக்கு நன்றாக நினைவிருக்கும்” என்று அதிக நம்பிக்கையோடு இருந்தவர்கள், படித்துக்கொண்டே இருந்த கோஷ்டியினர்தான்! நம் பையனும் அப்படித்தான் ஏமாறுகிறான். நான்காவது தடவை வாசிக்கும்போது பாடம் பழகிய முகம்போலத் தெரிகிறது. பேருந்து நிறுத்தத்தில் தினம் பார்க்கும் முகம்தான். பெயர் என்ன என்று கேட்டால் சொல்ல முடியுமா?

திண்ணைப் பள்ளிக்கூடம்

நம் பழைய திண்ணைப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதினார்கள். வாய்ப்பாட்டை உரக்கச் சொன்னார்கள். பெரிய பையனான சட்டாம்பிள்ளை சின்னப் பையன்களிடம் பாடம் கேட்பான். இந்த மாதிரி ஒரு பள்ளியைப் பார்த்துவிட்டு, சென்னை எழும்பூரில் அநாதைப் பிள்ளைகள் விடுதிப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் அதே முறையைத் தம் பள்ளியிலும் புகுத்தினார். 1797-ம் ஆண்டு லண்டனில் அதைப் பற்றிப் புத்தகமும் வெளியிட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்தில் பரவியது.

திண்ணைப் பள்ளியில் பிரம்படியும் உண்டு. பொருள் தெரியாமல் ஒப்பிப்பதும் உண்டு. அவை திரும்பி வர வேண்டாம்! ஒருவன் சொல்ல ஒருவன் கேட்கும் பழக்கம் மட்டும் வந்தால் போதும்.

அம்மா கேட்கலாம்

“நான் பள்ளிக்கூடமே போகாதவள். பிளஸ்-1 பாடத்தில் நான் என்ன கேட்பேன்?” என்று தாய்மார்கள் நினைக்கலாம். கேட்பதற்குப் பாடம் தெரிய வேண்டியதில்லை. இப்படிக் கேட்டால் போதும்:

“இன்னைக்கு என்ன பாடம் கண்ணு?”

“ஒளிச்சேர்க்கைம்மா.”

“அப்படின்னா?”

“இலை வெயில்ல தனக்குச் சாப்பாடு தயாரிக்குது.”

“வெயில் மட்டும் போதுமா? அடுப்பு எரிஞ்சா சோறு ஆயிடுமா?”

“தண்ணி வேணும்... அப்புறம் காத்துல இருக்கிற... இரும்மா, பார்த்துட்டு வந்து சொல்றேன்.”

கரியமில வாயு என்ற பெயர் அந்தத் தாய்க்குத் தெரியாது. ஆனால் மகனுக்கு எந்த இடத்தில் ஓட்டை என்று காட்டிக் கொடுத்துவிட்டார்! பையன் ஓடிப்போய்ப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு வந்து சொல்லட்டும். ‘வரவில்லையே’ என்று தவிக்கிற அந்த இரண்டு நிமிடம் வீண் அல்ல. அப்போது திட்டக் கூடாது. திட்டினால் மறுநாள் அவன் சொல்ல வரமாட்டான்.

கேட்க ஆள் இல்லாத வீட்டில், பிள்ளையே புத்தகத்தை மூடிவிட்டு ஒரு தாளில் எழுதிப் பார்க்கலாம். கணக்குப் பாடத்துக்கும் இதுவே வழி. புத்தகத்தில் போட்டிருக்கும் கணக்கைக் கண்ணால் பார்ப்பது படிப்பு ஆகாது. விடையை மறைத்துவிட்டுக் கையால் போட வேண்டும்.

எப்போது கேட்பது? ஒரே நாளில் மூன்று தடவை கேட்பதைவிட, இடைவெளி விட்டுக் கேட்பது நல்லது. படித்த மறுநாள் ஒரு தடவை. ஒரு வாரம் கழித்து ஒரு தடவை. ஒரு மாதம் கழித்து மீண்டும். 2013-ம் ஆண்டு டன்லாஸ்கி என்ற அமெரிக்கப் பேராசிரியரும் அவரது சகாக்களும் பத்து விதப் படிப்பு முறைகளை ஆராய்ந்தார்கள். தன்னைத்தானே சோதிப்பது, இடைவெளி விட்டுப் படிப்பது ஆகிய இரண்டையும்தான் முதல் தரம் என்றார்கள். மறுபடி மறுபடி வாசிப்பதும், மஞ்சள் மை பூசுவதும் கடைசித் தரத்துக்குப் போயின. செல்போனை அடுத்த அறையில் வைப்பது, இரவு நேரத்தோடு தூங்குவது ஆகியவற்றை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பள்ளிக்கூடத்துக்கும் இதில் வேலை இருக்கிறது. பிளஸ்-2 வகுப்பு தொடங்கும்போது ஐந்து நிமிடம் ஒதுக்கி, பிளஸ்-1 பாடத்தில் ஐந்து கேள்வி கேட்கலாம். மார்க்கு வேண்டாம். யாருக்கும் பயமும் இராது. பொதுப் பரீட்சை ஆண்டுக்கு ஒரு நாள் செய்த காரியத்தை இது தினமும் செய்யும்.

இன்னொன்று. ஆண்டு முடிந்ததும் பிளஸ்-1 புத்தகங்களைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போடும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. இன்னும் ஓராண்டு அவை வீட்டில் இருக்கட்டும்.