புயலுக்குப் பிறகும் அதே தார்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயல் மாத்தளை மாவட்டத்து மலைவீதிகளைப் படுத்திய பாட்டைப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. மண் சரிந்து மூடிய இடங்கள் ஒருபுறம் இருக்க, வெறும் மழைநீரே தாரை உரித்துக்கொண்டு போன இடங்களும் ரத்தோட்டைப் பக்கம் உண்டு. எங்கள் பகுதியில் ஒட்டுப்போடும் வேலை நடந்தபோது நின்று பார்த்தேன். மேற்பார்வைக்கு வந்தவரிடம், "பழைய டயர் ரப்பரைத் தாரில் கலந்து போடலாமே, ஐயா" என்றேன். "எஸ்டிமேட்டில் அப்படி ஒன்றும் இல்லை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. எஸ்டிமேட்டை எழுதுகிறவர்கள்மேல்தான் கோபம்.

நான் கேட்டது யாரும் கேள்விப்படாத சங்கதியா? அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரப் பொறியியலாளர் சார்ல்ஸ் மெக்டொனால்ட், வெடித்த வீதிகளுக்கு ஒட்டுப்போட டயர்த் தூளைச் சூடான தாரில் கலந்து பார்த்தது 1960களில். டயரிலுள்ள கம்பியையும் நைலோன் நூலையும் நீக்கிவிட்டு ரப்பரைப் பொடியாக அரைக்க வேண்டும். 175 முதல் 200 பாகை செல்சியஸ் வரை சூடேறிய தாரில் அதைக் கொட்டி முக்கால் மணி, ஒரு மணி நேரம் விடாமல் கிளற வேண்டும். தாரிலுள்ள மெல்லிய எண்ணெயைக் குடித்து, ரப்பர் பொடி வெந்த ஜவ்வரிசிபோல் உப்பிவிடும். அப்படித் தடித்த தார் வெயிலில் எளிதில் இளகாது, குளிரில் எளிதில் வெடிக்காது. டயரில் ஏற்கெனவே சேர்த்திருக்கும் கரித்தூளும் மற்ற மருந்துகளும் தார் காய்ந்து பொருக்குத் தட்டுவதைத் தள்ளிப்போடும்.

வெயிலையும் குளிரையும் தாங்கும் இந்த இரண்டு குணங்களும் ஒன்றாகத் தேவைப்படும் மாவட்டம் எங்களுடையது. தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்கு மரக்கறி லொறிகள் இராப்பகலாக ஓடுகின்றன. அந்தப் பக்கத்து வெயிலில் இளகிய தார்மேல் பாரம் ஏறினால் சக்கரத் தடமே பள்ளமாகிவிடும். இங்கே ரிவர்ஸ்டன் பக்கம் போனால் மூடுபனி, ஓயாத மழை, வளைவுக்கு வளைவு பிரேக் பிடிக்கும் பஸ். ஒரு மயிரிழை வெடிப்பு விழுந்தால் போதும், அதில் இறங்கும் நீர் அடிச் சல்லியை ஆட்டிவிடும், பிறகு குழிதான்.

இந்தியா ரப்பர் கலந்த தாருக்கு ஐ.எஸ். 15462 என்ற தரநிலையை 2004இல் வகுத்துவிட்டது. பிளாஸ்டிக் கழிவில் வீதி போட வழிகாட்டிய மதுரைத் தியாகராசர் பொறியியற் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவனுக்கு 2018இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. கேரளத்தில் ரப்பர் பாலையே தாரில் சேர்த்துப் போடுகிறார்கள். 1876இல் ஹெனரத்கொடையில் ரப்பர் நட்டு, இன்று திண்ம டயர் செய்து உலகெங்கும் விற்கும் நாடு நாம். நம் வீதியில் டயரும் தாரும் ஒன்றுசேர்வது ஆர்ப்பாட்டக்காரர்கள் டயர் எரிக்கும் நாட்களில் மட்டும்! மற்ற நாட்களில் தேய்ந்த டயர்கள் கராஜ்களுக்குப் பின்னால் கிடக்கின்றன, அல்லது லயத்துத் தகரம் காற்றில் பறக்காமல் இருக்கக் கூரைமேல் கிடக்கின்றன. மழைநீர் தேங்கி நுளம்பு பெருகுகிறது. 2017இல் இந்நாட்டில் 186,000 பேருக்கு மேல் டெங்குக் காய்ச்சல் கண்டதை மறந்துவிட்டோமா?

மறுப்புகளும் எனக்குத் தெரியும். முதற்செலவு கூடும். அரைக்கும் இயந்திரமும் கிளறும் தாங்கியும் வேண்டும். மலைக்குளிரில் கலவை ஆறுவதற்குள் ரோலர் ஓடி முடிய வேண்டும், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற கதை நடக்காது. டயரில் சேர்க்கும் ஒரு இரசாயனத்திலிருந்து உண்டாகும் நஞ்சு ஓடைகளில் சால்மன் மீன்களைக் கொல்வதை அமெரிக்க ஆய்வாளர்கள் 2020இல் கண்டறிந்தார்கள். ஆகவே சுது கங்கைக்கு இறங்கும் ஓடைகளின் நீரையும் சோதிக்கத்தான் வேண்டும். கான் வெட்டாத வீதியில் எந்தத் தாரும் நிற்காது, ரப்பர் கலந்தாலும் நிற்காது.

நாடெங்கும் கட்டாயமாக்குங்கள் என்று நான் கேட்கவில்லை. அமெரிக்காவே 1991இல் சட்டம் போட்டு மாநிலங்களை நெருக்கி, 1995இல் அதைக் கைவிட்டது. இங்கும் 2021இல் அரசு இரசாயன உரத்தைத் திடீரென்று நிறுத்தியதன் பலனை எங்கள் மரக்கறிச் செய்கையாளர்கள் இன்னும் சொல்லிச் சொல்லி மாய்கிறார்கள். ஒரு கிலோமீற்றர் ரப்பர் தார், அதையொட்டி ஒரு கிலோமீற்றர் வழமையான தார் போடுங்கள். இரண்டுக்கும் ஒரே கான், ஒரே ஒப்பந்தகாரர். செலவையும் ஒவ்வொரு மழைக்காலத்துக்குப் பிறகு கண்ட பழுதையும் தமிழிலும் சிங்களத்திலும் வீதியோரப் பலகையில் எழுதி வையுங்கள். தோட்ட வீதி ஒன்றில் செய்தால் இன்னும் நல்லது. தோட்டங்களுக்குப் பிரதேச சபை செலவிடுவதற்குத் தடையாக இருந்த 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவைப் பாராளுமன்றம் 2018இலேயே திருத்திவிட்டது. இனி அந்தச் சாக்கும் சொல்ல முடியாது.

எங்கள் வீதிக்கு எந்த வகைத் தார், எத்தனை அங்குலக் கனம், எத்தனை வருட உத்தரவாதம் என்று எஸ்டிமேட்டில் எழுதியிருப்பதைக் கேட்டு, 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் முடிவெடுத்தாக வேண்டும். கிடைக்கும் பதிலின் பிரதியை உங்களுக்கும் அனுப்பிவைப்பேன், பிரசுரிப்பீர்கள் என நம்புகிறேன்.

இப்படிக்கு,
தோட்டத்து வாசகர் ஒருவர்,
ரத்தோட்டை, மாத்தளை.